கட்டிப்போட்டால் பாதுகாப்பு வந்துவிடுமா?

(மூத்தோர் பராமரிப்பு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை, கட்டுரை வடிவில்)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவள் நான். இந்தக் கருத்தரங்கில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்வதற்கு முன்பு ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நானும் நோயாளிகளைக் கட்டியிருக்கிறேன். இரவுப் பணியில், மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்பதற்காகக் கைகளுக்கு உறை மாட்டி, அதன் நாடாவைக் கட்டிலோடு முடிச்சுப் போட்டிருக்கிறேன். எழுந்து விழுந்துவிடக்கூடாது என்பதற்காக இடுப்பில் பட்டை போட்டிருக்கிறேன். அப்போது அது எனக்குத் தவறாகப் படவில்லை. 'எல்லாம் அவர்களுடைய பாதுகாப்புக்குத்தானே' என்று நினைத்தேன். எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதும் அதுதான்.

அந்த நினைப்பு மாறியது என் தாயார் விஷயத்தில்தான்.

2015ஆம் ஆண்டு. அம்மாவுக்கு அப்போது 81 வயது. முதுமை மறதி நோய் முற்றிவிட்டது. நானும் வேலைக்குப் போகிறேன், தம்பியும் வேலைக்குப் போகிறான். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலையில் ஒரு தாதிமை இல்லத்தில் சேர்த்தோம். மூன்றாவது வாரம் இல்லத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். 'விடியற்காலையில் அமைதியின்றி எழுந்து நடக்கிறார். விழும் அபாயம் உண்டு. இடுப்புப் பட்டை போடக் குடும்பத்தாரின் சம்மதம் தேவை' என்று அதில் இருந்தது. படித்தேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தாதியாயிற்றே, எனக்குத் தெரியாததா?

சில நாள் கழித்து, காலைப் பணிக்குப் போகும் வழியில் அனுமதி கேட்டு ஐந்தரை மணிக்கே அம்மாவைப் பார்க்கப் போனேன். நாற்காலியில் பட்டை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். "கொல்லைக்குப் போகணும், கொல்லைக்குப் போகணும்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அருகில் இருந்த மியன்மார் நாட்டுப் பெண் மிகவும் அன்பாக அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு அந்தச் சொல் புரியவில்லை. அம்மாவின் உடை நனைந்திருந்தது.

என் தாயாருக்கு அமைதியின்மையும் இல்லை, வேறு எதுவும் இல்லை. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் சொன்னார். அதைக் கேட்க ஆளில்லாததால் அவர் 'அபாயம் உள்ளவர்' ஆகிவிட்டார். அதற்கு ஒப்புதல் கொடுத்தவள் நான்.

அன்றுமுதல் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். மனநல மருத்துவத்திலும் மூத்தோர் பராமரிப்பிலும் கட்டாயம் என்பது பற்றி உலகில் நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. அவை சொல்வதை நம்முடைய சூழலோடு சேர்த்து இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டாயம் என்பது எது?

கட்டாயம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தெரிவது கயிறும் பூட்டும்தான். அந்தக் காலத்து உட்பிரிட்ஜ் மருத்துவமனை, மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயர்களைச் சொன்னாலே நம்மவர்கள் பயப்படுவார்கள். ஆனால் கட்டாயத்துக்குப் பல படிகள் உண்டு.

அமெரிக்காவைச் சேர்ந்த பால் அப்பல்பாம், இலண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்முக்லர் ஆகிய இரு மனநல மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் படி, எடுத்துச் சொல்லிப் புரியவைப்பது. இரண்டாவது, உறவைப் பயன்படுத்துவது. 'நீங்கள் மருந்து சாப்பிடாவிட்டால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்' என்பது இந்த வகை. மூன்றாவது, ஏதாவது தருவதாகச் சொல்லி இணங்க வைப்பது. நான்காவது, மிரட்டுவது. 'மாத்திரை போடாவிட்டால் ஹோமில் கொண்டுபோய் விட்டுவிடுவேன்' என்று நம் வீடுகளில் சொல்வது இதில் சேரும். ஐந்தாவதுதான் சட்டப்படியோ பலவந்தமாகவோ சிகிச்சை கொடுப்பது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. முதல் மூன்று படிகள் எல்லாக் குடும்பங்களிலும் தினமும் நடப்பவை. அவற்றைத் தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் முதல் படியில் கொஞ்ச நேரம்கூட நிற்காமல் நேராக நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் தாவிவிடுகிறோமே, அங்கேதான் சிக்கல்.

கட்டினால் விழமாட்டார்களா?

மூத்தோரைக் கட்டுவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், விழுந்துவிடுவார்கள் என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் அதன்பிறகு பழையபடி நடப்பதே இல்லை.

ஆனால் உண்மையில் கட்டுவதால் காயம் குறைகிறதா? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டாக்டர் மேரி டினெட்டி தலைமையிலான குழு 12 தாதிமை இல்லங்களில் இதை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. கட்டப்படாத 275 பேரில் கடுமையான காயம் ஏற்படும்படி விழுந்தவர்கள் 15 பேர், அதாவது 5 விழுக்காடு. கட்டப்பட்ட 122 பேரில் அப்படி விழுந்தவர்கள் 21 பேர், அதாவது 17 விழுக்காடு. ஏற்கெனவே தளர்ந்துபோனவர்களைத்தானே கட்டியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேறுபாடுகளையும் ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். அப்போதும் கட்டுவது காயத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி? காரணம் எளிது. நாள் முழுவதும் உட்கார வைத்தால் கால் தசைகள் மெலிந்துவிடும். ஒரு வாரம் படுக்கையிலேயே கிடந்த இளைஞரே எழுந்தவுடன் தள்ளாடுவார் என்றால் 80 வயதானவரின் நிலை என்ன? பட்டையை அவிழ்க்கும் அந்தச் சில நிமிடங்களில் எழுந்து நிற்கப் பார்ப்பார், விழுவார். இன்னும் சிலர் பட்டையோடு போராடியே விழுவார்கள். கட்டிலின் இருபுறத் தடுப்பைத் தாண்டி விழுபவர், வெறும் கட்டிலிலிருந்து விழுபவரைவிட அதிக உயரத்திலிருந்து விழுகிறார். படுக்கைப் புண், மலச்சிக்கல், சிறுநீர் கட்டுப்பாடு போய்விடுவது, சளி கட்டி நுரையீரல் தொற்று என்று மற்றத் தொல்லைகளும் வரிசையாக வரும். பட்டை கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுத் திணறி இறந்தவர்கள் பற்றிய பதிவுகளும் மருத்துவ ஏடுகளில் உள்ளன.

சரி, அவிழ்த்துவிட்டால்? அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 36 தாதிமை இல்லங்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவில் தாதியருக்குப் பயிற்சியும் வழிகாட்டி நெறிகளும் கொடுத்தார்கள். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, பயிற்சி பெற்ற இல்லங்களில் கட்டப்பட்டவர்களின் விகிதம் ஆறு மாதத்தில் 31.5 விழுக்காட்டிலிருந்து 22.6 விழுக்காட்டுக்குக் குறைந்தது. மற்ற இல்லங்களில் பெரிய மாற்றம் இல்லை. முக்கியமான செய்தி என்னவென்றால், கட்டுகள் குறைந்த இல்லங்களில் விழுபவர்கள் அதிகரிக்கவில்லை. கட்டாமல் வைப்பதற்காகக் கூடுதலாகத் தூக்க மருந்து கொடுக்கவும் இல்லை.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. தண்டிப்பதற்காகவோ ஊழியர்களின் வசதிக்காகவோ தாதிமை இல்லவாசிகளைக் கட்டக்கூடாது, மருந்தால் மயக்கியும் வைக்கக்கூடாது என்று அது சொன்னது. 1991இல் அந்நாட்டுத் தாதிமை இல்லவாசிகளில் ஏறக்குறைய 21 விழுக்காட்டினர் கட்டப்பட்டிருந்தார்கள். 2007இல் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாத கயிறு

கயிற்றை அவிழ்த்துவிட்டு மாத்திரையால் கட்டிப்போடுவதும் உண்டு. மறதி நோய் உள்ளவர் கத்தினால், இரவில் தூங்காமல் நடந்தால், கடுமையான மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளை அவருக்குக் கொடுத்து அமைதிப்படுத்துவார்கள். அமைதியாகத்தான் இருப்பார். சாப்பிடும்போதும் தூங்கி விழுவார்.

2005ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இது குறித்துக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஏறத்தாழ பத்து வாரக் காலத்தில் இம்மருந்தைச் சாப்பிட்ட மறதி நோயாளிகளில் 4.5 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். பிரிட்டனில் அரசாங்கத்துக்காகப் பேராசிரியர் பானர்ஜி 2009இல் தயாரித்த அறிக்கை இன்னும் வெளிப்படையாகப் பேசியது. அங்கே மறதி நோயுள்ள சுமார் 180,000 பேருக்கு இம்மருந்து கொடுக்கப்படுகிறது, அவர்களில் ஓரளவு பலன் பெறுபவர்கள் 36,000 பேர், ஆண்டுக்கு 1,800 பேர் இதனால் கூடுதலாக இறக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் உள்ள மருந்தை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு, சில காலத்துக்கு, அது தேவைப்படும். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எதற்காக இந்த மருந்து? எத்தனை வாரத்துக்கு? எப்போது குறைத்துப் பார்க்கப்போகிறீர்கள்?

கத்துவதற்கும் நடப்பதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று ஜிஸ்கா கோஹன் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். வலி, பசி, தாகம், மலச்சிக்கல், தனிமை, சலிப்பு இவற்றில் ஏதாவது ஒன்று அந்தக் கத்தலுக்குப் பின்னால் இருக்கும். வாயால் சொல்லத் தெரியாததால் உடம்பால் சொல்கிறார்கள். நம்மவர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. மறதி நோய் வந்த பலருக்குப் பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவிவிடும். சந்தையில் சரளமாக மலாய் பேசியவர், அலுவலகத்தில் ஆங்கிலம் பேசியவர், கடைசியில் சிறுவயதுத் தமிழுக்கே திரும்பிவிடுவார். 'கொல்லை' என்ற சொல்லைப் பணியாளர் எந்த அகராதியில் தேடுவார்?

மனநல மருத்துவமனையில் என்ன நிலை?

இதுவரை மூத்தோரைப் பற்றிப் பேசினோம். எந்த வயதினராக இருந்தாலும், மனநோய் முற்றித் தன்னையோ பிறரையோ துன்புறுத்திக்கொள்ளும் நிலையில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய கட்டம் வரலாம். அதை நான் மறுக்கவில்லை. அப்படிச் சேர்த்ததால் உயிர் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 1990களில் நடந்த மெக்ஆர்தர் ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடமே போய்க் கேட்டது. 'உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?' என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்கள் ஆய்வாளர்களையே யோசிக்க வைத்தன. சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட சிலர், தங்களை யாரும் கட்டாயப்படுத்தியதாக உணரவில்லை. தாமாக வந்து கையெழுத்துப் போட்டதாகப் பதிவான சிலர், தங்களை இழுத்துக்கொண்டு வந்ததாகவே உணர்ந்தார்கள். வித்தியாசம் எங்கே இருந்தது? தாங்கள் சொல்வதை யாராவது காதுகொடுத்துக் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா, ஏமாற்றாமல் உண்மையைச் சொன்னார்களா என்பதில் இருந்தது.

இதன் தொடர்ச்சியாக 1999இல் இன்னொரு முடிவும் வெளிவந்தது. சேர்க்கப்பட்டபோது 'எனக்கு மருத்துவமனை தேவையில்லை' என்று சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், வீடு திரும்பிய சில வாரங்களில் 'தேவைப்படத்தான் செய்தது' என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கட்டாயப்படுத்தப்பட்டோம் என்ற மனக்காயம் மட்டும் ஆறவில்லை. சிகிச்சை சரி என்று பிறகு ஒப்புக்கொண்டாலும், நடத்தப்பட்ட விதத்தை அவர்கள் மறக்கவில்லை. ஒருமுறை 'கோயிலுக்குப் போகலாம் வா' என்று பொய் சொல்லி டாக்சியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அடுத்த முறை அவர் எந்த டாக்சியிலும் ஏறமாட்டார்.

மருத்துவமனைக்குள்ளும் மாற்றம் சாத்தியமே. பிரிட்டனில் லென் பவர்ஸ் என்ற தாதிமைத் துறைப் பேராசிரியர் 15 மருத்துவமனைகளின் 31 பிரிவுகளில் எளிய சில நடைமுறைகளைச் சோதித்தார். கடுமையாகப் பேசாமல் மென்மையாகச் சொல்வது, நோயாளியும் ஊழியரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது, வீட்டிலிருந்து வரும் கெட்ட செய்தியை முன்கூட்டியே அறிந்து ஆறுதலாக இருப்பது போன்றவை அவை. 2015இல் வெளியான முடிவின்படி மோதல்கள் 15 விழுக்காடும், கட்டுதல், தனியறையில் அடைத்தல் போன்ற கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் 26 விழுக்காடும் குறைந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டில் இரண்டு முக்கியச் சட்டங்கள் நிறைவேறி, 2010இல் நடப்புக்கு வந்தன. முதலாவது மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டம். மனநலக் கழகத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரை, அவருடைய நலனுக்காகவோ பாதுகாப்புக்காகவோ, மற்றவர்களின் பாதுகாப்புக்காகவோ தேவை என்றால் மட்டுமே அவர் விருப்பமின்றி அங்கே வைத்திருக்கலாம். முதலில் 72 மணி நேரம். பிறகு வேறொரு மருத்துவர் பரிசோதித்து ஒப்புக்கொண்டால் ஒரு மாதம். அதற்கு மேல் ஆறு மாதம் வரை வைத்திருக்க இரு மருத்துவர்கள் கையெழுத்திடவேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்கவேண்டும். ஒருவரே முடிவு செய்து ஒருவரைக் காலமெல்லாம் அடைத்து வைத்துவிட முடியாது என்பதற்காகத்தான் இத்தனை படிகள்.

இரண்டாவது, மனவளத் திறன் சட்டம். நம் வீடுகளுக்கு மிகவும் தேவையானது இதுதான். அதன் கொள்கைகள் ஐந்து. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். அவரே முடிவெடுக்க இயன்ற எல்லா உதவியும் செய்து பார்க்கவேண்டும். அவருடைய முடிவு நமக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. திறன் இல்லாதவருக்காக எடுக்கும் முடிவு அவருடைய நன்மைக்கானதாக இருக்கவேண்டும். அவருடைய சுதந்திரத்தை ஆகக் குறைவாகப் பாதிக்கும் வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

கட்டுவது பற்றியும் அச்சட்டம் பேசுகிறது. திறன் இழந்த ஒருவரைத் தடுத்து வைப்பதென்றால், அவருக்குத் தீங்கு நேராமல் காக்க அது அவசியம் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கவேண்டும். அந்தத் தீங்கின் அளவுக்கு ஏற்றதாகவும் அது இருக்கவேண்டும். 'ஆள் பற்றாக்குறை' என்பது அதில் ஒரு காரணமாகச் சொல்லப்படவில்லை.

மலேசியாவில் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம், 1952ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2010இல் நடப்புக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் சட்டப் பிரிவைச் சிங்கப்பூர் 2020இல் கைவிட்டது, மலேசியா 2023இல் கைவிட்டது. தண்டனையிலிருந்து கவனிப்புக்குச் சட்டங்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் நாம் நகர்ந்திருக்கிறோமா?

நேயர்கள் கேட்டவை

கருத்தரங்கில் நேயர்கள் கேட்ட கேள்விகளில் மூன்று எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடியவை.

'என் மாமியார் கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறார். இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். இது தவறா?' என்று ஒரு சகோதரி கேட்டார்.

அந்தச் சகோதரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உள்ளே ஆள் தனியாக இருக்கும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவது ஆபத்து. அடுப்பில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விடமுடியுமா என்று பாருங்கள். கதவில் மணி பொருத்தலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த காப்பு ஒன்றைக் கையில் போட்டுவிடலாம். பக்கத்து வீட்டாரிடமும் கீழே காப்பிக்கடைக்காரரிடமும் வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள். மறதி நோயுள்ளவர் வழிதவறினால் அழைத்துச் சென்று விடுவதற்கென்றே அக்கம்பக்கங்களில் சில இடங்களை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பிடம் கேட்டால் விவரம் சொல்வார்கள். முடிந்தால் மாலையில் நீங்களே அவரை ஒரு சுற்று நடக்கக் கூட்டிப்போங்கள். நடந்து களைத்தவர் இரவில் நன்றாகத் தூங்குவார்.

'அப்பா மாத்திரையைத் துப்பிவிடுகிறார். இடியாப்பத்தில் பொடித்துக் கலந்து கொடுக்கலாமா?' என்றார் இன்னொருவர்.

முதலில், ஏன் துப்புகிறார் என்று பாருங்கள். விழுங்க முடியவில்லையா, கசக்கிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா? மருந்தாளரிடம் கேட்டால் திரவமாகவோ வேறு வடிவிலோ கிடைக்குமா என்று சொல்வார். மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். அது ஆபத்து. மறைத்துக் கொடுப்பதென்பது, திறன் இழந்த ஒருவருக்கு வேறு வழியே இல்லாதபோது, மருத்துவரும் குடும்பமும் கூடிப் பேசி, எழுதி வைத்துக்கொண்டு செய்யவேண்டிய காரியம். அவசரத்தில் பணிப்பெண்ணிடம் 'சாப்பாட்டில் போட்டுவிடு' என்று சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் அவர் சாப்பிடுவதையே நிறுத்திவிடலாம்.

மூன்றாவது கேள்வி சற்றுக் கோபமாகவே வந்தது. 'கட்டாமல் விட்டு, அவர் விழுந்து எலும்பு முறிந்தால் நீங்களா பொறுப்பு?'

நியாயமான கோபம். நேர்மையாகப் பதில் சொல்கிறேன். விழலாம். கட்டாமல் விட்டால் யாரும் விழவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டினாலும் விழுகிறார்கள் என்றுதான் ஆய்வு சொல்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஓர் அபாயம் இருக்கிறது. நடமாடும் உரிமையோடு கூடிய அபாயமா, நாற்காலியில் கட்டுண்டு மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் அபாயமா என்பதைக் குடும்பமும் இல்லமும் சேர்ந்து முடிவு செய்யவேண்டும். முடிந்தவரை அந்தப் பெரியவரையும் கேட்டு முடிவு செய்யவேண்டும். ஊழியர்மீது மட்டும் பழி போட்டால், அடுத்த நாளே பயத்தில் அவர் எல்லாரையும் கட்டத் தொடங்குவார். இரவில் இத்தனை பேருக்கு ஒரே ஒரு தாதி என்றால் அவரால் என்னதான் செய்ய முடியும் என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சிங்கப்பூரில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஏறக்குறைய பதினொருவரில் ஒருவர். ஆகவே இது யாரோ சிலருடைய பிரச்சினை அல்ல. இன்றே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, சம்மதத் தாளில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். எதற்காகக் கட்டவேண்டும், வேறு எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்கு ஒருமுறை அவிழ்த்து நடக்க வைப்பீர்கள், எப்போது மறுபடி பரிசீலிப்பீர்கள்? கையெழுத்துப் போட்டபிறகும் உங்கள் சம்மதத்தை மறுபரிசீலனை செய்யலாம்.

இரண்டு, உங்கள் பெற்றோரின் அன்றாடப் பழக்கங்களை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்கு எழுவார், காப்பியா தேநீரா, எந்தப் பக்கம் படுப்பார், எந்தப் பாட்டுக் கேட்டால் முகம் மலரும், எதற்குப் பயப்படுவார் என்று எழுதுங்கள்.

மூன்று, அவர் பயன்படுத்தும் பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பொருளையும் எழுதி, கட்டிலுக்கு மேல் ஒட்டுங்கள். தண்ணீர், வலி, கழிப்பறை, குளிர், பசி, பயம் இவை போதும். தாதிமை இல்லங்களுக்குத் தொண்டூழியராகப் போகும் நம் இளையர்கள் இதைச் செய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

நான்கு, நினைவு நன்றாக இருக்கும்போதே எல்பிஏ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரத்தைச் செய்து வையுங்கள். பிற்காலத்தில் எப்படிக் கவனிக்கப்பட விரும்புகிறீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'அபசகுனமாகப் பேசாதே' என்று வாயை மூடிவிடாதீர்கள்.

ஐந்து, கவனித்துக்கொள்பவரையும் கவனியுங்கள். இரவு தூங்காத மகளும் ஓய்வே இல்லாத பணிப்பெண்ணும்தான் ஒருநாள் கோபத்தில் கதவைப் பூட்டுகிறார்கள். வாரத்தில் ஒரு மாலையாவது அவர்களை விடுவித்து அனுப்புங்கள்.

அம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். அன்று காலை இல்லத்தின் தலைமைத் தாதியைப் பார்த்துப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து கேட்டார். பட்டையை எடுத்துவிட்டு உயரம் குறைந்த கட்டில் போட்டார்கள். தினமும் நாலரை மணிக்கு யாராவது ஒருவர் அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார்கள். பிறகு அரை டம்ளர் தேநீர். வாழ்நாள் முழுவதும் அந்த நேரத்துக்கு எழுந்து வாசல் தெளித்தவர் அவர். நோய் வந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுச் சன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்வார்.

எட்டு மாதம் கழித்து ஒருமுறை விழுந்தார். முழங்கை வீங்கியது. இல்லத்திலிருந்து அழைத்து, "மறுபடி பட்டை போடவா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இருந்தார். கடைசி மாதம் வரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அவரால் நடக்க முடிந்தது.

அந்த மியன்மார்ப் பெண் 'கொல்லை' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாள். அம்மா அதைச் சொன்னதும், 'வாங்க' என்று தமிழிலேயே சொல்லி எழுப்புவாள். அம்மாவின் இறுதிச் சடங்குக்கும் அவள் வந்திருந்தாள்.

நான் கட்டிய நோயாளிகளில் எத்தனை பேர் இப்படி ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார்களோ, எனக்குத் தெரியாது. அவர்களிடம் இனிப் போய்க் கேட்கவும் முடியாது. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் நீங்கள் இன்று கேட்கலாம்.